மிச்சம் வைக்காத பிள்ளைகள்

ஞாயிறு, நவம்பர் 3

துக்கத்துக்குப் போட்டிருந்த குட்டை நாற்காலிகளை இன்று யூத ஜெபக்கூடத்து ஆட்கள் வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. ஏழு நாளும் வாசலில் நிற்க இடமில்லை. ஆயிரம் பேர் வந்திருப்பார்கள். சரி, முந்நூறு. ஒரு மொராக்கோக்காரிக்காக ரோஷ் ஹாஅயின் ஊர் யேமன்காரர்கள் இப்படித் திரண்டு வந்து அழுததாகச் சரித்திரமே கிடையாது.

என் தங்கை ஸோஹரா. போன சனிக்கு முந்தின சனி, காலையில், சமையலறையில் விழுந்தாள். தலைக்குள் ஏதோ நரம்பாம். ஆம்புலன்ஸ் ஆட்கள் படியேறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் தெற்கே பேர்ஷெபாவுக்குத் திரும்பவில்லை. அங்கே எனக்காகக் காத்திருப்பது ஒரு அறையும் ஒரு ரேடியோவும்தான். ஸோஹராவின் புருஷன், மாப்பிள்ளை யிஹ்யேவிடம் சொல்லிவிட்டேன்: "மாப்ளே, நீ உன் வேலையைப் பாரு. சமையலறையை மச்சான்கிட்ட விட்டுடு. ஒரு பட்டாளத்துக்கே பொங்கிப் போட்டவன் நான். ஜெனரல் ஒருத்தர் என் கைக்கு முத்தம் குடுத்துட்டுத்தான் போருக்கே கெளம்பினார்." யிஹ்யே தலையை ஆட்டினான். ஆட்டினானா, அது தானாக ஆடியதா, தெரியவில்லை.

பிள்ளைகள் மூன்று. சாப்பாட்டு விஷயத்தில் ஊரறிந்த அடங்காப்பிடாரிகள். மூத்தவள் ஹோதயாவுக்குப் பத்து வயது. தட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டால் இரண்டையும் தொடமாட்டாள். முட்டையில் மஞ்சள் கருவைத் தோண்டி ஓரமாக வைத்துவிடுவாள். அவிஷாய்க்கு ஏழு. பச்சையாக ஒரு புள்ளி கண்ணில் பட்டால் போதும், மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான். கடைக்குட்டி தெஹிலாவுக்கு வெள்ளையாக இருப்பது மட்டும்தான் சாப்பாடு. சனிக்கிழமை இருட்டியதும் ஸோஹரா எனக்குப் போன் போடுவாள். பாதி அழுகை, பாதி சிரிப்பு. "அண்ணே, இதுங்க என் உசிரை வாங்குதுங்க."

இன்று முதல்முறையாக என் கையால் சாப்பாடு. கோழியும் காய்கறியும். பரிமாறும் முன் கரண்டியைத் தூக்கிப் பிடித்து ஒரு பிரசங்கம் வைத்தேன். "கேட்டுக்கோங்க பசங்களா! தட்டுல மிச்சம் கிடந்துச்சுன்னா மாமா இப்படியே நெஞ்சைப் பிடிச்சிட்டுச் செத்துருவேன்!" என்று நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடி நாக்கையும் தள்ளிக் காட்டினேன். கொஞ்சம் சிரிக்கட்டுமே என்றுதான்.

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் சாப்பிட்டார்கள். மூன்று தட்டும் கழுவி வைத்ததுபோல் இருந்தது.

செவ்வாய், நவம்பர் 5

இதை உலகம் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று எங்கள் மொராக்கோப் பக்கத்து மீன் செய்தேன். செக்கச் சிவந்த குழம்பு, மேலே ஒரு கட்டுக் கொத்தமல்லி. வேண்டுமென்றேதான் போட்டேன், பரீட்சை வைப்பதற்கு. அவிஷாய் கொத்தமல்லியோடு சாப்பிட்டான். தெஹிலா சிவப்புக் குழம்பைச் சாப்பிட்டாள். "நல்லா இருக்கு, தேங்க்ஸ் மாமா" என்றாள் ஹோதயா.

பத்து வருஷமாக ஸோஹராவால் முடியாதது! நான் பஸ் ஓட்டிய டிப்போவில் என் கூட்டாளிகளுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். தெற்கு மண்டலம் முழுக்க இன்று என் மீன் குழம்பைப் பற்றித்தான் பேச்சாக இருக்கும்.

புதன், நவம்பர் 6

அவளுடைய ஏப்ரன் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. எடுக்கவில்லை. கட்டிக்கொள்ளவும் இல்லை.

வியாழன், நவம்பர் 7

பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவந்தாயிற்று. இனி யிஹ்யே. அவன் கூரைகளில் ஏறி வெந்நீர்த் தொட்டி பழுதுபார்க்கிறவன். காலையில் காப்பி குடித்துவிட்டு ஏறுகிறான், மாலையில் இறங்கி வந்து காப்பி குடிக்கிறான். தாடிக்குள் முகம் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கும் தாடிதான், முப்பதாம் நாள் வரைக்கும் மழிக்கக் கூடாது. ஆனால் எனக்கு அது எடுப்பாக இருக்கிறது.

"மாப்ளே, இந்த ஓய்வுநாளுக்கு உனக்கு ஜஹ்னூன்!" என்றேன்.

ஜஹ்னூன் யேமன்காரர்களின் பலகாரம். மாவைக் காகிதம்போல் இழுத்து, நெய் தடவிச் சுருட்டி, மூடிபோட்ட பாத்திரத்தில் அடுக்கி, வெள்ளி மாலையிலிருந்து சனி காலை வரை சிறு சூட்டில் விட வேண்டும். நாங்கள் கோதுமையும் கறியும் உருளைக்கிழங்கும் ஒரே பானையில் போட்டு வளர்ந்தவர்கள். இதை நான் தொட்டதே இல்லை. ஸோஹரா கல்யாணத்துக்குப் பிறகு புருஷனுக்காகக் கற்றுக்கொண்டாள், வாராவாரம் செய்வாள்.

யிஹ்யே காப்பிக் கோப்பையைப் பார்த்தபடியே, "அது வேண்டாம் மச்சான்" என்றான்.

மொராக்கோக்காரன் கைக்கு இது வராது என்று நினைக்கிறான். பார்க்கலாம்.

பக்கத்து வீட்டு பிராஹாவிடம் போய் நின்றேன். அவளும் யேமன்காரி, என் வயதுதான், நாக்குக்கு மட்டும் வயதாகவில்லை.

"மொராக்கோக்காரர் ஜஹ்னூன் சுருட்டப் போறாரா? அப்போ மேசியா பஸ் ஏறிட்டாருன்னு அர்த்தம்."

"தாயே, பட்டாளத்துக்கே சமைச்சவன் நான்."

"வெங்காயம் உரிச்சீங்க. ஸோஹரா எல்லாம் சொல்லியிருக்கா அண்ணே."

ஆனாலும் சொல்லிக்கொடுத்தாள். வாசலில் நின்றபடி, காற்றிலேயே மாவு இழுத்துக் காட்டினாள்.

வெள்ளி, நவம்பர் 8

விளக்கேற்றி ஓய்வுநாள் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது, அதற்குள் எழுதிவிடுகிறேன். மாவை இழுத்தேன் பாருங்கள், மேசை முழுக்க, மேசை போதாமல் தொங்கும் அளவுக்கு. அதற்கு அடியில் செய்தித்தாளை வைத்திருந்தால் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்திருக்கலாம். இரண்டு இடத்தில் கிழிந்தது, அது காற்றுக்கு. பாத்திரத்தின் அடியில் பழைய ரொட்டித் துண்டு, மேலே ஜஹ்னூன் வரிசை, அதற்கும் மேலே ஓட்டோடு முட்டைகள். மின்சாரச் சூட்டுத் தட்டில் ஏற்றி, ஓய்வுநாள் கடிகாரத்தையும் திருப்பி வைத்தாயிற்று. இனி நாளை இருட்டும் வரை ஸ்விட்ச் எதையும் தொடக் கூடாது. அணைப்பதையும் எரிப்பதையும் அந்தக் கடிகாரம் பார்த்துக்கொள்ளும்.

நாளைக் காலை வாசனைக்கே யிஹ்யே எழுந்து உட்காருவான்.

ஞாயிறு, நவம்பர் 10

நேற்று ஓய்வுநாள், எழுதக் கூடாத நாள். கூடும் என்றாலும் எழுதியிருக்க மாட்டேன்.

பிளக்கை மாற்றிச் சொருகிவிட்டேன். விளக்குக்கான கடிகாரத்தில் சூட்டுத் தட்டு, கடிகாரம் இல்லாத பிளக்கில் விளக்கு. சாப்பாடு முடிந்து பிள்ளைகள் படுக்கப் போனதும் சூட்டுத் தட்டு அணைந்துவிட்டது. வீட்டு விளக்கெல்லாம் விடியவிடிய எரிந்தது. தெரிந்தும் என்ன செய்ய, கையை வைக்க முடியுமா? பிள்ளைகள் தலையணைக்கு அடியில் முகத்தை வைத்துத் தூங்கினார்கள். காலையில் பிராஹா கதவைத் திறந்து, "என்ன அண்ணே, உங்க வீட்டுல கல்யாணமா?" என்றாள்.

யிஹ்யே ஜெபத்துக்குப் போய்விட்டான். பாத்திரத்தைத் திறந்தேன். மாவு வெள்ளையாக, ஈரமாக, பிணத்தின் விரல்கள் மாதிரி கிடந்தது. வேறு எப்படிச் சொல்வது. ஒன்றைக் கடித்துப் பார்த்துத் துப்பினேன். சரி, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் போதும் என்று உள்ளே எடுக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் மூன்று பேரும் தங்கள் தட்டில் ஆளுக்கொன்று எடுத்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேகாத மாவை. தெஹிலா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மென்றாள். முட்டை ஓட்டுக்குள் கொழகொழவென்று இருந்தது. அதை ஹோதயா குடித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் கருவை.

"ஐயோ, வைங்க கீழே! அது வேகல!"

"நல்லா இருக்கு மாமா" என்றாள் ஹோதயா.

அவிஷாய் வாந்தி எடுத்தான், மேசை மேலேயே. துடைத்துவிடப் போனேன். என் கையைத் தள்ளிவிட்டு, வாயைத் தோளில் துடைத்துக்கொண்டு, மறுபடியும் அந்தத் தட்டை இழுத்தான். "சாரி மாமா. சாப்பிடுறேன். மறுபடியும் சாப்பிடுறேன்."

அவன் முகம். அந்த முகத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

திங்கள், நவம்பர் 11

இன்று கவனித்தேன். இத்தனை நாள் தட்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், முகங்களைப் பார்க்கவில்லை. தெஹிலாவின் மெல்லும் வேகம் குறைந்தால் மேசைக்கு அடியில் ஹோதயாவின் கால் நகர்கிறது. உதை. உடனே அவள் விழுங்குகிறாள். மூவரும் சாப்பிட்டு முடித்ததும் ஹோதயா என்னைப் பார்க்கிறாள். என் நெஞ்சை.

பிராஹாவிடம் சனிக்கிழமை நடந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பிள்ளைங்களா? ஜஹ்னூன் சாப்பிட்டுச்சா? போங்க அண்ணே. சனிக்கிழமை காலையில எனக்குக் கடிகாரமே வேண்டாம், ஸோஹரா சத்தத்துலதான் எந்திரிப்பேன். 'ராத்திரி பூரா வெந்ததுடா! ஒரே ஒரு வாய்! என்னைச் சாகடிக்கத்தான் பொறந்தீங்களா!'ம்பா. ஒருத்தன் மேசைக்கடியில, ஒருத்தி கதவுக்குப் பின்னால. நானும் எங்க வீட்டுக்காரரும் படுக்கையிலேயே கெடந்து சிரிப்போம்."

சிரித்துக்கொண்டே வந்தவள் நின்றாள். கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கும் கேட்டுச்சு" என்றாள்.

செவ்வாய், நவம்பர் 12

ஹோதயாவைப் பள்ளிக்கூடத்து வாசலில் பிடித்தேன். பெஞ்சில் உட்கார வைத்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "கண்ணு, மாமா அன்னைக்குச் செத்துருவேன்னு சொன்னது சும்மா விளையாட்டுக்கு" என்றேன்.

"அம்மாவும் விளையாட்டுக்குத்தான் சொன்னாங்க."

அவள் புத்தகப் பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"நாங்க சாப்பிடல. அவிஷாய் மேசைக்கடியில இருந்தான். நான் முட்டையைத் தள்ளிட்டேன். அம்மா சொன்னாங்க. சொல்லிட்டு உள்ளே போனாங்க." செருப்பின் நுனியைப் பார்த்தபடி பேசினாள், பாடம் ஒப்பிப்பது மாதிரி. "நீங்களும் சொன்னீங்க. அதான் நான் தம்பி தங்கச்சிகிட்ட எல்லாரும் சாப்பிடணும்னு சொல்லிட்டேன்."

ஐயோ ஸோஹரா. ஐயோ என் வாயே.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன்: அது பிறவியிலேயே இருந்த நரம்பு, என்றைக்கு வேண்டுமானாலும் போயிருக்கும். தலையாட்டினாள். பிறகு எனக்கு வேறு வழி தெரியவில்லை. "என்னையெல்லாம் யாராலும் கொல்ல முடியாது கண்ணு. சினாய் போர்ல பக்கத்துல குண்டு விழுந்துச்சு, எனக்குத் தொப்பிதான் போச்சு. பள்ளத்தாக்குல பஸ் தலைகீழா உருண்டுச்சு, நான் ஜன்னல் வழியா எறங்கி டிக்கெட் குடுத்தேன். தேள் கொட்டிச்சு, தேள்தான் செத்துச்சு!"

பொறுமையாகக் கேட்டாள்.

"மக்லூஃப் மாமா சொல்றதுல பாதியைத்தான் நம்பணும்னு அம்மா சொல்லுவாங்க."

"எந்தப் பாதியை?"

"அதை அம்மா சொல்லல."

புதன், நவம்பர் 13

ஆயுள் முழுக்கக் கதை அளந்துகொண்டே இருந்தேன். ஒரே ஒரு உண்மையைச் சொல்லி நம்பவைக்க வேண்டிய நேரத்தில் கையில் ஒன்றும் இல்லை.

ஞாயிறு, நவம்பர் 17

இந்த ஓய்வுநாளுக்கு ஜஹ்னூன் செய்யவில்லை. ரொட்டி, மீன், வேகவைத்த உருளைக்கிழங்கு, எல்லாம் வெள்ளை. தெஹிலாவுக்காக. ருசித்ததா இல்லையா என்று அவள் முகத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. வெள்ளையும் சிவப்பும் அவளுக்கு இப்போது ஒன்றுதான்.

"ஜஹ்னூன் இல்லையா மாமா?" என்று ஹோதயா கேட்டாள். "செய்யுங்க. நாங்க சாப்பிடுவோம்."

எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன். வெள்ளமாக அழுதேன் என்று எழுத வந்தேன். இல்லை. கொஞ்சம்தான் வந்தது. அதுகூட முழுசாக வரவில்லை.

செவ்வாய், நவம்பர் 19

யிஹ்யே எங்கள் கூரையிலேயே தொட்டி பழுதுபார்த்துக்கொண்டிருந்தான். ஏணியில் ஏறினேன். மூச்சு வாங்கியது. மழை வரும்போல் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அலங்காரம் எதுவும் வைக்காமல் சொன்னேன், அவனாவது நம்ப வேண்டுமே.

அவன் ஸ்பானரை இறுக்கிக்கொண்டே இருந்தான். இறுகிய பிறகும் இறுக்கினான்.

"நான் ஜெபம் முடிஞ்சு வந்தேன் மச்சான்" என்றான். "மேசையில ஜஹ்னூன் அப்படியே இருந்துச்சு. அவ விழுந்து கெடந்தா, கையில தொட்டுக்கிற தக்காளித் துருவல் தட்டு. பிள்ளைங்க மூணும் வரிசையா சுவரோரம் நின்னுச்சுங்க. நின்ன மாதிரியே நின்னுச்சுங்க. அதை நான் யார்கிட்டயும் கேக்கல. ஏன் அப்படி நின்னீங்கன்னு கேக்கவே இல்ல."

அதனால்தான் "அது வேண்டாம்" என்றிருக்கிறான். நான் என் கையைப் பற்றிப் பேசுகிறான் என்று நினைத்தேன். எல்லாமே என்னைப் பற்றித்தான் எனக்கு.

வியாழன், நவம்பர் 21

யிஹ்யே சொன்னான்: "நாளைக்கு ஜஹ்னூன் செய்ங்க மச்சான்."

ஞாயிறு, நவம்பர் 24

வெள்ளிக்கிழமை பிராஹா வந்து பிளக்குகளைப் பார்த்துவிட்டுப் போனாள். "இது விளக்கு, இது சாப்பாடு. தெரியுதா பஸ் டிரைவரே?" என்றாள். வழக்கமான குத்தல்தான், ஆனால் குரலில் குத்தல் இல்லை.

நேற்றுக் காலை பாத்திரத்தைத் திறந்தபோது எல்லாம் பழுப்பாகி, முட்டை ஓடுகூடப் பழுப்பாகி, வாசனை தூக்கியது. யிஹ்யே ஜெபத்துக்குப் போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் போகாத ஓய்வுநாள் இதுதானாம். மேசையில் வந்து உட்கார்ந்தான். பிள்ளைகள் முதுகை நிமிர்த்திக்கொண்டு ஆளுக்கொன்று எடுத்தார்கள்.

அவன் சாப்பிடத் தொடங்கினான். நான்கு வாரத்துக்குப் பிறகு. நானும் சாப்பிட்டேன்.

பாதியில் நிறுத்திவிட்டு, தட்டைப் பார்த்தபடியே பேசினான்.

"அம்மா செஞ்ச ஜஹ்னூனை நான் எப்பவாவது மிச்சம் வச்சிருக்கேனா?"

மூவரும் இல்லை என்று தலையாட்டினார்கள்.

"நீங்க தள்ளி வைக்கிறதையும் நான்தான் சாப்பிடுவேன். ஒரு துண்டு மிச்சம் வச்சதில்ல. ஒவ்வொரு வாரமும். அப்புறமும் அம்மா போயிட்டாங்க."

தெஹிலா அவனை உற்றுப் பார்த்தாள். "எல்லாத்தையும் சாப்பிட்டீங்களா?"

"எல்லாத்தையும்."

"அப்புறமுமா?"

"அப்புறமும் குட்டி."

சரி, இத்தோடு தீர்ந்தது, இப்போது அழுவார்கள், ஓடி வந்து கட்டிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். எனக்கு எல்லாமே அப்படித்தான் முடிய வேண்டும். அவிஷாய் யோசித்தான். ஹோதயா யோசித்தாள். பிறகு கையில் இருந்ததை முடித்தார்கள். முட்டையையும். தட்டுகள் சுத்தம்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். கழுவ ஒன்றும் இல்லை.

திங்கள், நவம்பர் 25

முப்பதாம் நாள். கல்லறைக்குப் போனோம். மழை. எல்லோரும் வழக்கப்படி அதன்மேல் ஆளுக்கொரு சிறு கல் வைத்தார்கள். அவிஷாய் தன் கல்லை வைக்காமல் பையில் போட்டுக்கொண்டான். வீட்டுக்கு வந்து தாடியை எடுத்தேன். கண்ணாடியில் ஒரு வயதான பஸ் டிரைவர் இருந்தார்.

புதன், நவம்பர் 27

பருப்புச் சூப். சாப்பிட்டார்கள். ஆனால் உதை விழவில்லை. அல்லது நான் பார்க்கவில்லை.

சனி, நவம்பர் 30

நட்சத்திரம் வந்து ஓய்வுநாள் முடிந்துவிட்டது, எழுதலாம்.

ஜஹ்னூன் நன்றாக வந்திருந்தது. அவ்வளவுதான், நன்றாக வந்திருந்தது.

தெஹிலா தட்டைப் பார்த்தாள். ஒரு விரலால் கொஞ்சம் தள்ளினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் தள்ளினாள். "இது பழுப்பா இருக்கு" என்றாள்.

யிஹ்யே ரொட்டியின் உள்பக்கத்து வெள்ளையைப் பிய்த்து அவள் முன்னால் வைத்தான்.

அதைப் பார்த்த அவிஷாய், தக்காளித் துருவலில் பச்சையாக ஏதோ இருக்கிறது என்று மேசைக்கு அடியில் இறங்கிவிட்டான். அங்கிருந்து சத்தம் வந்தது: "எனக்குச் சாக்லேட் தடவின ரொட்டி வேணும்! ஓரம் வெட்டினது!" சுவருக்கு அந்தப் பக்கம் பிராஹா வீட்டில் ஏதோ கீழே விழுந்தது.

ஹோதயா யார் பக்கமும் திரும்பவில்லை. ஜஹ்னூனைத் தக்காளி படாமல் தனியாக வைத்து, கடைசி வரை சாப்பிட்டாள். பிறகு முட்டையை எடுத்தாள், மேசையில் தட்டினாள், உரித்தாள். பழுப்பேறிய வெள்ளைக் கருவைச் சாப்பிட்டாள். மஞ்சள் கரு கையில் நின்றது. நெடுநேரம் நின்றது. அதைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள், உடைந்துவிடுமோ என்பதுபோல. வைத்துவிட்டு என் நெஞ்சைப் பார்த்தாள்.

நான் மூச்சு விட்டேன், அவளுக்குக் கேட்கும்படி. உள்ளே, வெளியே. பிறகு கையை நீட்டி அந்தக் கருவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"மாமா?" என்றாள்.

"இருக்கேன்" என்றேன்.